அம்மா கட்டின நூலக வரி

இந்த எபிசோடு ஒரு பிஸ்கட் டப்பாவுல ஆரம்பிக்குது.

தென்காசியில எங்க அம்மா வீட்டு பீரோ மேல அந்தத் தகர டப்பா இருக்கு. உள்ள பிஸ்கட் கிடையாது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கேஸ் புத்தகம், அப்பாவோட இறப்புச் சான்றிதழ், அப்புறம் ரப்பர் பேண்டு போட்டுச் சுத்தி வச்ச வீட்டு வரி ரசீதுகள். போன ஜூலையில சீசனுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மெயின் அருவியில தண்ணி அதிகமா வருதுன்னு குளிக்கத் தடை. வெளிய சாரல், வீட்டுக்குள்ள நாலு வயசுப் பொண்ணு. அவளுக்கு விளையாட ஏதாவது கிடைக்குமான்னுதான் டப்பாவைத் திறந்தேன். ரசீதுகளைப் பிரிச்சப்போ கண்ணுல பட்டுச்சு: வீட்டு வரிக்குக் கீழ தனியா ஒரு வரியில, 'நூலக வரி'.

"இது எதுக்கும்மா?"

"யாருக்குத் தெரியும்? சேத்துதான் வாங்குவாவ."

எங்க அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பத்து வயசுல பீடி சுத்த உக்காந்தவங்க. தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கம் வந்தப்போ தெருவுல லாந்தர் வச்சு நடந்த வகுப்புக்குக் கொஞ்ச நாள் போனாங்க. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க, அதோட நின்னு போச்சு. கடைக்கு பீடி கொடுக்கணும், வீட்டுல நாங்க மூணு பேர். ஆனா வருஷம் தவறாம நூலகத்துக்குப் பணம் கட்டியிருக்காங்க. ஒரு தடவைகூட உள்ள போனதில்ல.

வாசிக்கத் தெரியாத ஒருத்தர்கிட்ட எதுக்கு நூலக வரி? இந்தக் கேள்வியைத்தான் இன்னைக்குப் பிடிச்சுக்கிட்டுப் போகப்போறோம். கேள்வி கொஞ்சம் கோவமா ஆரம்பிச்சுது, ஒத்துக்கிறேன்.

இந்த வரிக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. மதராஸ் பொது நூலகச் சட்டம், 1948. சுதந்திர இந்தியாவோட முதல் நூலகச் சட்டம் அதுதான். (கோலாப்பூர் சமஸ்தானத்துல 1945லயே ஒரு சட்டம் வந்துருச்சு, அது கணக்குல சேராது.) ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில கல்வி அமைச்சரா இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார். 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. வீட்டு வரியில ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பை நூலகத்துக்கு. இங்க ஒரு சின்ன விளக்கம்: இது பைசா இல்ல, பழைய பை. 192 பை சேர்ந்தாதான் அப்போ ஒரு ரூபாய். அதனால இன்னைய கணக்குல ரூபாய்க்கு ஏறக்குறைய மூணு காசு. இப்போ அது ரூபாய்க்குப் பத்து காசு. ஆயிரம் ரூபாய் வீட்டு வரின்னா நூறு ரூபாய் நூலக வரி. உள்ளாட்சி வசூல் பண்ணி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்கணும். கொடுக்காம பாக்கி வைக்கிறதும் நம்ம பேப்பர்ல அடிக்கடி வர்ற செய்திதான்.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இதோட பக்கத்துல வச்சுப் பாருங்க. நாட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 18 சதவீதம். பெண்கள்ல 9 சதவீதம்கூட இல்ல. அதாவது சட்டம் வந்தப்போ, வரி கட்டின வீடுகள்ல பெரும்பாலானதுல எங்க அம்மா மாதிரி ஒருத்தர் இருந்தாங்க. இது வசதியானவங்க தங்களுக்காகப் போட்டுக்கிட்ட வரியான்னு எனக்கு முதல்ல சந்தேகம். அப்படி இல்லன்னு புரிய வச்சது சீர்காழிக்காரர் ஒருத்தர்.

எஸ்.ஆர். ரங்கநாதன். 1892ல பிறந்தவர், கணித ஆசிரியர். நூலக அறிவியல்னு ஒரு படிப்பு இருக்குன்னா அவர் பேரு இல்லாம இல்ல. ஆனா அவர் நூலகரானது விருப்பப்பட்டு இல்ல. 1924 ஜனவரியில சென்னைப் பல்கலைக்கழகத்தோட நூலகரா சேர்ந்தார். கொஞ்ச நாள்லயே பிரசிடென்சி கல்லூரி முதல்வர்கிட்ட ஓடிப்போய், அங்க ஆளே வரல, தனியா உக்காந்திருக்க முடியல, என்னைத் திரும்ப வகுப்புக்கே எடுத்துக்கோங்கன்னு கேட்டார். முதல்வர், முதல்ல இங்கிலாந்து போய் நூலகப் படிப்பு படிச்சுட்டு வா, அப்பவும் பிடிக்கலன்னா பாக்கலாம்னார். இன்னொரு விஷயம், ரங்கநாதனுக்குத் திக்குவாய். அதைக் கொஞ்சம் கொஞ்சமா ஜெயிச்சு வந்தவர்.

லண்டன்ல அவருக்கு ஆசிரியரா அமைஞ்சவர் பெர்விக் சேயர்ஸ். குரோய்டன் ஊர் பொது நூலகத்தோட தலைமை நூலகர். குழந்தைகள் நூலகம்னு ஒண்ணு தனியா வேணும்னு அந்தக் காலத்துலயே புத்தகம் எழுதினவர். ரங்கநாதன் பிரிட்டன்ல நூத்துக்கும் மேல நூலகங்களைச் சுத்திப் பார்த்தார். அவர் பார்த்த பொது நூலகம் பண்டிதருக்கான இடமா இல்ல. வேலை முடிஞ்சு வர்ற தொழிலாளிக்கும், கூட்டிட்டு வர்ற குழந்தைக்கும் கதவு திறந்திருந்த இடம். அப்புறம் அந்தப் பிரபலமான கதை: செல்ஃப்ரிட்ஜஸ் கடையில மெக்கானோன்னு ஒரு பொம்மை செட். துண்டு இரும்புப் பட்டைகளை நட்டு போட்டு இணைச்சு எது வேணாலும் செய்யலாம். அதைப் பார்த்த நேரத்துலதான் அறிவையும் இப்படித் துண்டு துண்டா இணைச்சு வகைப்படுத்தலாம்னு அவருக்குத் தோணுச்சு. கோலன் பகுப்புமுறை பிறந்தது அப்படி. குழந்தைகள் பிரிவு வேணுமான்னு யாராவது யோசிச்சா, இதைச் சொல்லுங்க: இந்திய நூலக அறிவியல் ஒரு பொம்மைக் கடையில பிறந்தது.

ஊர் திரும்பினவர் சும்மா இருக்கல. 1928ல சென்னை நூலகச் சங்கம். 1931ல நூலக அறிவியலோட ஐந்து விதிகள். அதுல ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். அதே வருஷம் அக்டோபர்ல மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளைங்கிற பொறியாளர் ஒரு ரெட்டை மாட்டு வண்டியை நடமாடும் நூலகமா மாத்தினார். வாசகர் வரலன்னா புத்தகம் போகட்டும். அதுக்கு முந்தின வருஷம், 1930ல, காசியில நடந்த ஆசியக் கல்வி மாநாட்டுல ரங்கநாதன் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வச்சார். காசியில வச்ச விதை தென்காசியில எங்க அம்மா ரசீதுல முளைக்கப் பதினெட்டு, இருபது வருஷம் ஆச்சு.

அவரோட வாதம் எளிமையானது. நன்கொடையில நடக்குற நூலகம் கொடுக்குறவரோட மனசைப் பொறுத்தது. வரியில நடக்குறது உரிமை. தர்மம் வாங்குறவன் வாசல்ல நிக்கணும், வரி கட்டினவன் உள்ள வரலாம்.

இங்க நம்ம ஊரோட பூகோளம் ஒண்ணு சொல்லணும். தென்காசியில பஸ் ஏறி அரை மணி நேரத்துல செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்துச்சு. அந்தப் பக்கம் நூலகம் வேற வழியில வளர்ந்தது. 1945ல அம்பலப்புழாவுல பி.என். பணிக்கர் 47 நூலகங்களோட ஆட்களைக் கூட்டி கிரந்தசாலா சங்கத்தை ஆரம்பிச்சார். அங்க ஊர்க்காரங்க கட்டினதுக்குப் பின்னால அரசாங்கம் வந்துச்சு. இங்க சட்டம் முதல்ல வந்துச்சு, ஊர்க்காரங்க இன்னும் வந்துக்கிட்டு இருக்கோம். எது நல்லதுன்னு என்னால தீர்ப்பு சொல்ல முடியல. ஆனா எங்க அம்மா அந்தப் பக்கம் பிறந்திருந்தா, பீடி சுத்திக்கிட்டே பேப்பர் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு.

கேட்டிருக்கன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். கண்ணூர்ப் பக்கம் பீடிக் கம்பெனிகள்ல ஒரு வழக்கம். ஒரு தொழிலாளி பேப்பரை எடுத்து சத்தமா வாசிப்பார். மத்தவங்க சுத்திக்கிட்டே கேப்பாங்க. வாசிக்கிறவருக்குக் கூலி நஷ்டம் ஆகக்கூடாதுன்னு ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுத்தி அவர் கணக்குல சேர்த்துருவாங்க. 1969ல தொடங்கின தினேஷ் பீடி கூட்டுறவுலயும் இது தொடர்ந்தது. கியூபாவுல இதுக்கு இன்னும் பழைய வரலாறு. 1865ல ஹவானாவுல ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில சம்பளத்துக்கு வாசிக்கிற ஆளை வச்சாங்க. சம்பளம் முதலாளி கொடுக்கல, தொழிலாளிங்க போட்டுக் கொடுத்தாங்க. அடுத்த வருஷமே ஸ்பானிய ஆளுநர் அதைத் தடை பண்ணிட்டார். நாவல் கேட்டுக்கிட்டு சுருட்டு சுத்துறவன் ஏன் ஆபத்துன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தடை நிக்கல, வாசிப்பு நின்னுச்சு. மாண்டி கிறிஸ்டோங்கிற சுருட்டோட பேரு அப்படிக் கேட்ட நாவல்ல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க.

எங்க வீட்டுத் திண்ணையில பேப்பர் இல்ல, ரேடியோ இருந்துச்சு. சொளவு மடியில, தூள் ஒரு பக்கம், வெட்டின இலை ஒரு பக்கம், இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு. திருநெல்வேலி வானொலி நாடகம் போகும்போது யாரும் பேசக்கூடாது. நான் கதை கேட்டு வளர்ந்தது அப்படித்தான்.

இப்போ குற்றாலம் போவோம், குளிக்கிறதுக்கு இல்ல. ரசிகமணி டி.கே.சி. இருந்த ஊர் அது. டி.கே. சிதம்பரநாத முதலியார், 1882ல பிறந்து 1954ல மறைஞ்சவர். வக்கீல் படிப்பு படிச்சவர், அறநிலையத் துறையில ஆணையரா இருந்தவர். பிற்காலத்துல குற்றாலத்துலயே தங்கிட்டார். ராஜாஜி, கல்கி எல்லாம் அவரைத் தேடி அங்க வந்தவங்க. அதுக்கு முன்னாடி திருநெல்வேலி வண்ணார்பேட்டையில அவர் வீட்டு முற்றம் வட்டமா இருக்கும். அதுல கூடினதால அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டின்னே பேரு. கவிதையை எடுத்து வாய்விட்டுச் சொல்லுவார். ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். கேக்குறவன் முகம் மாறுற வரைக்கும் அடுத்த அடிக்குப் போகமாட்டார். கவிதை காதுக்கானது, கண்ணால மேய்ஞ்சா பிடிபடாதுங்கிறது அவர் கட்சி. பண்டிதர்கள் அவர்மேல சண்டைக்கு வந்தாங்க, முக்கியமா கம்பன் பாட்டுல எது கம்பனோடது, எது பின்னால சேர்த்ததுன்னு அவரே முடிவு பண்ணினதுக்கு. அந்தச் சண்டையில எனக்குப் பண்டிதர்கள் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. ஆனா வாசிப்பு பத்தி அவர் சொன்னது, நாலு வயசுக் குழந்தை வச்சிருக்கிற யாருக்கும் புரியும். "இன்னொரு தடவை"ங்கிறது எங்க வீட்டுல ராத்திரி எத்தனை தடவை கேக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்.

குற்றாலத்துக்குப் பேரு வாங்கிக் கொடுத்த குறவஞ்சியும் அப்படித்தான். பக்கத்து மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதினது. பாடி ஆடுறதுக்கு எழுதினது. எழுத்துத் தெரியாத ஊர் ஜனமும் அதைக் கேட்டிருக்கும். எழுத்து நம்ம ஊர்ல ரொம்ப காலம் ஒருத்தர் குரல்ல இருந்து பல பேர் காதுக்குப் போன சமாச்சாரம்.

அந்தக் குரலை நூலகம் வாசல்லயே நிறுத்திருச்சோன்னு எனக்கு ஒரு குறை. 'அமைதி காக்கவும்.' சென்னையில ஒரு கிளை நூலகம், எதுன்னு வேண்டாம். பொண்ணு என் மடியில, கையில யானைப் புத்தகம். தும்பிக்கை வர்ற பக்கத்துல ஒரு பிளிறல் வேணும்னா, அம்மா பிளிறணும். மெதுவாத்தான் பிளிறினேன். எதிர்ல போட்டித் தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு இருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார். ரெண்டாவது பிளிறலுக்கு, "குழந்தையை வெளிய வச்சுக்கோங்க"ன்னு ஒரு குரல். அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல. அவர் வீட்டுல படிக்க இடம் இருந்தா அவர் ஏன் அங்க வரப்போறார்? ஒரே ஹால், ஒரே மேசை, ரெண்டு பேருக்குமே அது உரிமை. ரங்கநாதனோட ரெண்டாவது விதி எங்க ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சுட்டு, அடுத்து என்ன பண்றதுன்னு எங்ககிட்டயே விட்டுருச்சு.

அன்னைக்கு வெளிய வந்தோம். அப்புறம் ரெண்டு மாசம் போகல. அவளும் கேக்கல. இதுதான் எனக்குப் பயம். நாலு வயசுல ஒரு இடம் தனக்கில்லன்னு நினைச்ச குழந்தை பதினாலு வயசுல திரும்ப வருமா? அம்மா வரவே இல்லையே.

இதுக்குத் தீர்வு ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. சேயர்ஸ் காலத்து நூலகங்கள்லயே கதை நேரம் உண்டு, வாரத்துல குறிப்பிட்ட மணி நேரம் குழந்தைங்களுக்கு, சத்தத்தோட. நம்ம ஊர்லயும் தெரியாதது இல்ல. 2010ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைகளுக்கு ஒரு பெரிய பிரிவே இருக்கு. ஆனா அது கோட்டூர்புரம். என் கவலை ஒரே ஹால் இருக்கிற கிளை நூலகங்கள் பத்தி.

அவினாசிலிங்கம் பத்தி இன்னும் ஒண்ணு. சட்டம் கொண்டுவந்தவரே தமிழ் வளர்ச்சிக் கழகம் ஆரம்பிச்சு, பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியரா வச்சு பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். 1954ல முதல் தொகுதி, முடிய 1968 ஆச்சு. முடிச்ச கையோட தூரன் குழந்தைகளுக்குன்னு தனியா இன்னொரு கலைக்களஞ்சியம் ஆரம்பிச்சார், அதுவும் பத்துத் தொகுதி, 1976 வரைக்கும். பெரியவங்க சாப்பிட்ட மிச்சத்தைக் குழந்தைக்கு ஊட்டல, திரும்ப உலை வச்சாங்க. வரியும் புத்தகமும் ஒரே கூட்டத்துகிட்ட இருந்து வந்ததுன்னு தெரிஞ்சப்போ, அந்த ரசீது மேல இருந்த என் கோவம் கொஞ்சம் இறங்குச்சு.

தென்காசிக்குத் திரும்புவோம். ஊர்ல வ.உ.சி. பேருல வட்டார நூலகம் இருக்கு. சாரல் விட்டவுடனே அம்மாகிட்ட சொன்னேன், "நீங்க காசு கட்டின இடத்தைப் பாத்துட்டு வருவோம்." வரமாட்டேன்னாங்க. "வாசிக்கத் தெரியாதவளுக்கு அங்க என்ன சோலி?" பேத்தி கையைப் பிடிச்சு இழுத்ததால வந்தாங்க. செருப்பைக் கழட்டிட்டு, கோயிலுக்குள்ள நுழையிற மாதிரி தலை குனிஞ்சு நுழைஞ்சாங்க. குழந்தைங்க புத்தகம் இருக்கிற பக்கம் போய் மூணு எடுத்தோம். அங்க வாசிக்கல, வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அன்னைக்குச் சாயங்காலம் நான் சமையல்ல இருந்தேன். திண்ணையில அம்மா குரல். படத்தைப் பாத்துக் கதை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. புத்தகத்துல இருந்தது ஒரு கரடி, தேன் தேடிப் போகும். அம்மா சொன்ன கரடி ஐந்தருவியில குளிக்கப் போச்சு, வழியில குரங்கு அதோட துண்டைத் தூக்கிட்டுப் போயிருச்சு, கரடி போய் போலீஸ்ல சொல்லுச்சு. பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. நான் வாசிச்சு ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல.

மறுநாள் அதே புத்தகம். இந்தத் தடவை கரடி செங்கோட்டைக்கு ரயிலேறிப் போச்சு. பொண்ணுக்கு ஆகல. "ஆச்சி, நேத்து இப்படிச் சொல்லல. புத்தகத்துல உள்ளதைச் சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாங்க. முகத்துல ஒரு மாதிரி. அப்புறம், "ஏளா, இங்க வா. இதுல என்னதான் எழுதியிருக்கு? மெதுவாச் சொல்லு, நான் மனசுல வச்சுக்கிடுதேன்"ன்னாங்க. பக்கத்துக்கு ஒரு வரிதான். விரல் வச்சு வாசிச்சேன். அம்மா திரும்பச் சொன்னாங்க. பேத்தியும் சொன்னா. நாலாவது பக்கத்துல அம்மா என் விரலை நிறுத்தினாங்க.

"இரு இரு. இந்த எழுத்து என் கையெழுத்துல வருதுல்லா?"

வருது. ரெண்டாவது எழுத்து.

"இன்னொரு தடவை எங்க இருக்கு, தேடு"ன்னு பேத்திகிட்ட சொல்லிட்டு, கண்ணாடியை எடுக்க உள்ள போனாங்க.